அக்கா தேறிய பரீட்சை

எட்டு வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அக்கா சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை அக்காவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஆனால் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னக் குப்பத்தில் அதற்கென்று ஒரு மதிப்பு இருந்தது. கடைக்காரர் அக்காவிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் தேடுவார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி போய் நிற்பேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. கொஞ்சமும் கேட்காது. தீபாவளிக்கு அணுகுண்டு காலடியில் வெடித்தாலும் புகையைப் பார்த்துத்தான் திரும்புவாள். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. 'அவளுக்குக் கொஞ்சம் காது மந்தம்' என்பதுதான் அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருந்தது. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகவேண்டியவள் என்று அந்த ஒரு வாக்கியத்தை அம்மா பொத்திப் பொத்திக் காப்பாற்றினாள். வீட்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் முதுகுக்குப் பின்னால், அக்காவுக்கு எதிரே நான் நின்றுகொள்ள வேண்டும். சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா என்று அவர்கள் கேட்கும்போது தலையாட்ட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று நான் காட்டுவேன். அக்கா சரியாகச் செய்துவிடுவாள். வந்தவர்கள் போனபிறகு அம்மா என் தலையைத் தடவிக்கொடுப்பாள்.

"எப்பவும் அக்காவ வுட்டுக்குடுக்காதடா" என்பாள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அறுபது எழுபது ஜாடைகள் இருந்திருக்கும். பாதியை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். மீதி கடலில் இருந்து வந்தது. என்ஜின் சத்தத்தில் படகில் பேச்சு எடுபடாது, அதனால் எங்கள் ஆட்கள் கையால்தான் பேசுவார்கள். முகத்துவாரத்தைத் தாண்டி ஏரிக்குள் நுழையும்போதே, இறாலா, நண்டா, வெறும் வலையா என்று படகின் முன்னால் நிற்கிறவர் கரைக்குக் காட்டிவிடுவார். கூடையோடு காத்திருக்கும் பெண்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கையில், அக்கா பார்த்து முடித்திருப்பாள். கரைவலை இழுக்கும்போதும் அப்படித்தான். முன்னால் நிற்கிறவர் கையைத் தூக்கி, சட்டென்று இறக்குவார். இறக்கினதும் கயிற்றைப் பிடித்திருக்கிற எல்லோரும் ஒன்றாக இழுக்க வேண்டும். மற்றவர்கள் அவர் போடுகிற சத்தத்துக்கு இழுப்பார்கள், அக்கா அவர் கையைப் பார்த்து இழுப்பாள். ஒரு தடவைகூட அவள் பிந்தியதில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் அவள் பாடு திண்டாட்டம். குப்பத்துப் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் நோட்டில் எழுதிவிடுவாள். பலகையில் குறுக்காக ஒரு விரிசல் இருந்தது, அதையும் சேர்த்து எழுதிவைத்திருப்பாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி, வருடா வருடம் அவளை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு எட்டு வயது நடந்த அந்த வருடம், பள்ளி திறந்த கொஞ்ச நாளில் ஒரு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பொன்னேரியில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். காது கேளாத பிள்ளைகளுக்காகப் பழவேற்காட்டில் ஒரு அறை பிடித்திருப்பதாகவும், அங்கே சுவரில் படம் காட்டியே பாடம் சொல்லித்தரப்போவதாகவும், மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டுப் பொன்னேரியில் நிரந்தரமாக வைக்கப்போவதாகவும் சொன்னார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"எங்க பொண்ணுக்குக் கொஞ்சம் மந்தம்தான் டீச்சர். அந்தப் பசங்களோட எல்லாம் சேத்து உக்கார வெச்சா ஊர் இன்னா சொல்லும்?" என்றாள்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கவில்லை.

"போயி படம் பாத்துட்டு வரட்டுமே. வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போவுது?" என்றார்.

படம் என்றதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. துணைக்கு நான்தான் போக வேண்டும் என்று முடிவானபோது அக்காவைவிட நான்தான் அதிகம் குதித்தேன். வாரம் மூன்று நாள், சாயங்காலம் நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவில் போவோம்.

அந்த அறையில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தது. எதிர்ச்சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், பிள்ளைகள் கையில் கொடுக்க இரண்டு டேப். ஏழு பிள்ளைகள், கடைசி பெஞ்சில் நான். டீச்சர் அதிகம் பேசமாட்டார். சுவரில் ஒரு படம் வரும், பக்கத்திலேயே அதன் எழுத்து வரும், டீச்சரின் கை எதையோ காட்டும். பிள்ளைகளும் அதைப் போலவே காட்டுவார்கள். எனக்கு அந்தக் கைகளில் அக்கறை இல்லை. படம் நின்றால் மட்டும் கவலைப்படுவேன்.

முதல் வாரத்திலேயே டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் போனில் படம் பிடித்தார். அடுத்த வகுப்பில் அந்தப் படங்கள் சுவரில் வந்தன. அக்காவின் முகம் சுவர் முழுக்க வந்து நின்றது. கீழே நாலு எழுத்து. டீச்சர் எழுத்தைத் தொட்டார், படத்தைத் தொட்டார், பிறகு நடந்து வந்து அக்காவின் நெஞ்சைத் தொட்டார். மறுபடியும் எழுத்து, படம், நெஞ்சு. அந்த நாலு எழுத்தை அவள் ஐந்து வருடமாக நோட்டு அட்டையில் எழுதிவருகிறாள். அது அவள்தான் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, அது சொல்லவேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றியதில்லை. தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது பதினொரு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்புக் கட்டியும் கையுமாகப் பாடாய்ப் படுத்திவிட்டாள். அம்மாவைத் தொட்டு, தரையைக் காட்டி, எழுது என்றாள். எழுதினேன். நைனாவைத் தொட்டாள். எழுதினேன். எனக்கும் ஒன்று இருப்பதைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு என்னைக் கரைக்கு இழுத்துப்போய், எங்கள் படகின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்த பெயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதுவரை அதைக் கோலம் என்று நினைத்திருப்பாள் போல.

இன்னொரு நாள் மழையைப் பற்றிய படம். ஏரித் தண்ணீர் சூடாகி, மேலே போய், மேகமாகி, மறுபடி விழுவது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, வெளியே ஐஸ் வண்டி நின்றிருந்தது. அந்த வாரக் கடைசியில் மழை பெய்தபோது அக்கா வாசலில் நனைந்துகொண்டு நின்று, ஏரியைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், விரல்களை மேலே கொண்டுபோய்த் திரும்பக் கீழே இறக்கினாள். எனக்குத் தெரியாத ஒன்றை அவள் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது ரசிக்கவில்லை. படம் பார்த்துப் பார்த்து மூளை குழம்பிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் டீச்சர் என்னிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் வெளியூரில் இருந்து ஆட்கள் வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பார்கள், அவர்கள் எழுதிக்கொடுத்தால்தான் பொன்னேரி வகுப்பில் இடம், அம்மாவை அவசியம் அழைத்துவா என்று. எனக்குப் புரிந்தது பரீட்சை என்பது மட்டும்தான். பரீட்சை என்றால் மார்க் வாங்க வேண்டும். மார்க் வாங்கினால் இடம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அக்காவுக்கும் அப்படியே சொன்னேன். சுவரளவுக்குப் பெரிய சதுரம் ஒன்றைக் காற்றில் வரைந்து, நன்றாகச் செய்தால் இன்னும் நிறைய, இன்னும் நிறைய என்று காட்டினேன். பரீட்சை அன்றைக்கு அவளே நேரத்தோடு எழுந்து குளித்து, ஆட்டோ வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே ரோட்டில் போய் நின்றாள். போகிற வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

ஆரம்பாக்கம் வரைக்கும் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. அறைக்கு வெளியே இருபது இருபத்தைந்து பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள். கரண்ட் வேறு போய்விட்டது, வெளிச்சத்துக்காக ஜன்னல் துணிகளை விலக்கிவிட்டிருந்தார்கள். டீச்சர் வாசலில் நோட்டை வைத்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சாரும் ஒரு மேடமும். எங்கள் முறை வந்தபோது அக்காவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அம்மாவும் நானும் அவளுக்கு எதிரே சுவரோரமாக உட்கார்ந்தோம். மேடம் ஒரு சின்ன மணியையும் தப்பு மேளம் மாதிரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அக்காவின் முதுகுப்பக்கம் போனார்.

"சத்தம் கேட்டா கையத் தூக்கணும்னு அவளுக்குச் சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவன் சொன்னாத்தான் மேடம் அவளுக்குப் புரியும்" என்றாள்.

"சரி, நீயே சொல்லுப்பா."

நான் எழுந்து போய் அக்காவின் முன் நின்றேன். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சத்தம் என்பதற்கு எங்களிடம் ஜாடை இல்லை. எப்படி இருக்கும்? காற்றுக்கு இருந்தது, அலைக்கு இருந்தது, கோபத்துக்கும் பசிக்கும் இருந்தது. அவளுக்கு ஒருநாளும் வந்திராத ஒன்றுக்கு நான் எங்கே போவேன்? மேடம் காத்திருந்தார். வெளியே வரிசை காத்திருந்தது. எனக்கு வழி தெரிந்துவிட்டது. கரைவலை, என்று காட்டினேன். என்னைப் பார், என் கை இறங்கினால் உன் கை மேலே. அக்காவின் முகம் தெளிந்தது. நான் திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேடம் தப்பைத் தட்டினார். நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்த கையைச் சட்டென்று இறக்கினேன். அக்கா கையைத் தூக்கினாள். மேடம் கொஞ்ச நேரம் விட்டு மணியை அடித்தார். அக்கா கையைத் தூக்கினாள். மெதுவாக, இன்னும் மெதுவாக, எனக்கே சந்தேகமாகக் கேட்கிற அளவுக்கு அடித்தார். அக்கா தூக்கினாள். ஐந்துக்கு ஐந்து. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது.

சாரும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"இல்ல மேடம், இவளுக்குச் சுத்தமா கேக்காது. மூணு மாசமா கூடவே இருந்து பாத்திருக்கேன். இன்னொரு வாட்டி பாருங்க ப்ளீஸ்" என்றார் டீச்சர். நல்ல டீச்சர் என்று நம்பியிருந்தவர் இப்படி நம் காலை வாருகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுபடி அடித்தார்கள். டீச்சர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த முறை நான் உஷாராக இருந்தேன், முழங்காலில் வைத்திருந்த ஒரு விரலை மட்டும் இறக்கினேன். கடலில் அரைக் கல் தூரத்தில் இருந்து வருகிற கையைப் படிக்கிறவளுக்கு அது போதாதா? மறுபடியும் ஐந்துக்கு ஐந்து.

எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓரளவு கேட்கிறது, காது மிஷின் வைத்துக்கொண்டு சாதாரணப் பள்ளியிலேயே படிக்கலாம். அம்மா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. டீச்சர் வாசல் வரைக்கும் கூடவே வந்து, சென்னைக்குக் கூட்டிப்போய் பெரிய ஆஸ்பத்திரியில் மிஷினில் வைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும், கட்டாயம் போங்கம்மா என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மா சரி சரி என்றாள். போகவில்லை.

"மந்தம்தான்னு கெவுருமென்ட்டுலயே எழுதிக் குட்த்துட்டாங்கோ" என்று அன்று பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வகுப்பு நாளில் நானும் அக்காவும் வழக்கம்போல நாலு மணிக்குப் போனோம். அறை பூட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் கறுப்புத் துணியைக் காணோம், புரொஜெக்டரைக் காணோம், வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. அக்கா பெரிய சதுரத்தைக் காற்றில் வரைந்து, எப்போது என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டாள். நாளைக்கு என்றேன். எத்தனை நாள் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

யார் யாருக்குப் பொன்னேரியில் இடம் கிடைத்தது என்று பிற்பாடு தெரிந்தபோது என் வயிறு எரிந்தது. ஒரு தடவைகூடக் கையைத் தூக்காமல் மரம்போல உட்கார்ந்திருந்த ஆரம்பாக்கத்துப் பையனுக்கு இடம். ஸ்டூலில் உட்கார்ந்ததுமே அழத் தொடங்கிய பெண்ணுக்கு இடம். ஐந்துக்கு ஐந்து வாங்கின என் அக்காவுக்கு இல்லை. இந்த அநியாயத்தை நான் நைனாவிடம் சொன்னேன்.

"ஆளு தெரிஞ்சவனுக்குத்தான்டா எல்லாம்" என்றார் நைனா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

காது மிஷின் வந்து சேர ஒரு மாதமானது. தோல் நிறத்தில் சின்னதாக, அழகாகத்தான் இருந்தது. அக்கா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வகுப்பில் அது அடிக்கடி விசிலடித்தது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த விசில் அவளுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். கடைசியில் வாத்தியாரே அதைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். பிறகு வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் அம்மா அதை அவள் காதில் மாட்டிவிடுவாள்.

நான் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்தது ஒன்பதாவது படிக்கும்போது. யாரும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடி அந்த அறையை நினைத்துக்கொண்டேன், அப்படியே கை நின்றுவிட்டது. தோற்கவேண்டிய பரீட்சையில் நான் அவளை ஜெயிக்கவைத்திருக்கிறேன். அன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மா என் விரலைப் பார்த்தாளா என்ற சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு தடவை கேட்டும்விட்டேன். "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்று சொல்லிவிட்டு அவள் மீன் ஆய்வதைத் தொடர்ந்தாள். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அக்கா இப்போது பழவேற்காட்டில் ஒரு ஷெட்டில் இறால் தரம் பிரிக்கிறாள். அவள் கைவேகத்துக்கு அங்கே ஆள் கிடையாது. யாராவது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அவள் எனக்கு வீடியோ கால் போட்டு போனை அவர்கள் முன்னால் நீட்டுவாள். நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு எடுப்பேன். அன்று நடந்ததை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை எதிரே போய் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஜாடைகளில் அதைச் சொல்ல முடியாது. போனது, வந்தது, பசி, கோபம் எல்லாம் உண்டு. 'என்னால்தான்' என்பதற்கு ஒன்றும் இல்லை. கையைத் தூக்கிவிட்டு மடியில் போட்டுக்கொள்வேன். அவள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆனால் தூக்கத்தில் என்னை எழுப்பிவிடுவது பரீட்சை அல்ல. அதே வருடம் தை மாதத்தில் நடந்த வேறொன்று. அம்மா ஐஸ் வாங்கிவரச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் பழவேற்காட்டுக்கு அனுப்பியிருந்தாள். பஸ் நிற்கிற இடத்தில், பொன்னேரி வகுப்பில் இருந்து பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவருகிற வேன் நின்றிருந்தது. உள்ளே ஐந்தாறு பேர். எல்லோருடைய கைகளும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒருத்தி எதையோ காட்ட, இன்னொருவன் குறுக்கே புகுந்து வேறெதையோ காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது ஏதோ விளையாட்டாகத் தெரிந்தது.

அக்கா ஐஸ் பையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஸ்டூலில் உட்கார்ந்து அழுத அந்தப் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, வேகமாக எதையோ கேட்டாள். அக்கா வாயைத் திறந்தபடி அந்தக் கைகளையே பார்த்தாள். அந்தப் பெண் மறுபடி, மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா தன் கையைப் பாதி தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். என்ன சொல்கிறாள்?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று அக்காவிடம் நான் அதுவரை சொன்னதே இல்லை. சாப்பிட்டியா என்று கேட்கிறாள் என்றேன்.

அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பெண் குழப்பத்தோடு மறுபடியும் அதையே கேட்டாள். அக்கா இன்னும் பலமாகத் தலையாட்டினாள். வேன் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நீ ஏன் வரவில்லை என்றுதான் கேட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. வேன் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும், என் அக்கா அதற்கு ஆமாம் ஆமாம் என்று சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.